மாப்பிள்ளைகள் கையில் மட்டை: லைக்கிப்பியா மசாய் கிரிக்கெட் குறித்த நிகழ்வு ஆய்வு

நைரோபிக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கிறது நன்யூக்கி. கென்ய மலையின் அடிவாரத்தில், நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர். அங்கிருந்து டோல்டோல் சாலையில் இன்னும் வடக்கே போனால் வேலியிட்ட பெரிய பண்ணைகள் முடிந்து, முள்மரமும் செம்மண்ணும் ஆட்டுமந்தையுமாக முக்கோகோடோ பகுதி தொடங்கிவிடும். லைக்கிப்பியா மசாய்களின் மேய்ச்சல் நிலம் அது. இல் போலெய் போன்ற கூட்டுப் பண்ணைகள் இங்கேதான் இருக்கின்றன. 2000களின் பிற்பகுதியில், பபூன் குரங்கு ஆய்வுக்காக இந்தப் பக்கம் வந்த தென்னாப்பிரிக்கப் பெண் அலியா பாவர், கிரிக்கெட் இல்லாமல் இருக்க முடியாமல் உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மொரான்களும் களத்தில் இறங்கினார்கள். மொரான் என்பது மசாய் ஆணின் இளம் வீரர் பருவம். ‘மசாய் கிரிக்கெட் வாரியர்ஸ்’ அணி உருவானது இப்படித்தான்.

இதன் இன்னொரு கால் பிரிட்டனில் இருக்கிறது. 2005இல் தொடங்கப்பட்ட ‘கிரிக்கெட் வித்தவுட் பவுண்டரீஸ்’ முழுக்கத் தன்னார்வலர்களை நம்பி ஓடும் தொண்டு அமைப்பு. செலவுப் பணத்தைத் தாங்களே திரட்டிக்கொண்டு இரண்டு வாரம்போல வந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்துவிட்டுப் போவார்கள். கென்யா, உகாண்டா, ருவாண்டா, கேமரூன் எனப் பல நாடுகளில் வேலை. தொடக்கத்தில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுதான் அவர்களின் மையச் செய்தி. லைக்கிப்பியாவில் அதோடு பெண்ணுறுப்புச் சிதைப்பு எதிர்ப்பும், அதாவது சிறுமிகளின் பிறப்புறுப்பை அறுக்கும் வழக்கத்துக்கு எதிர்ப்பும், சேர்ந்துகொண்டது. ‘28 டூ மெனி’ என்னும் ஆய்வுத் தொண்டு அமைப்பும் மசாய் அணியும் இந்த வேலையில் கைகோத்தன.

சுக்கா என்னும் சிவப்புப் போர்வை போர்த்தி, பாசிமணி குலுங்க ஓடிவந்து பந்து வீசும் படங்கள் உலகம் சுற்றிவந்துவிட்டன. 2013இல் இந்த அணி லண்டனில் ‘லாஸ்ட் மேன் ஸ்டாண்ட்ஸ்’ போட்டியில் ஆடியது. அணிக்கு 8 பேர், ஓவருக்கு 5 பந்து, கடைசி ஆள் தனியாக நின்று ஆடலாம் என்ற விதிகளுள்ள அமெச்சூர் டி20 அது. ஆட்டத் தரத்தை இங்கே எடைபோடப் போவதில்லை. வெளியூர்த் தன்னார்வலர் இரண்டு வாரம் வந்துபோகும் ஏற்பாட்டில் எது ஊன்றும், எது வாடும், ஏன் என்பதுதான் கேள்வி.

கல்யாணக் கணக்கு

மசாய் வழக்கத்தில் சிறுமிக்குச் செய்யும் அந்தச் சடங்கு, அவளைப் பெண்ணாக்கிக் கல்யாணத்துக்குத் தயார் என்று ஊருக்கு அறிவிப்பது. அறுக்காத பெண்ணை யாரும் கட்டமாட்டார்கள், பெண்ணுக்கு ஈடாக வரவேண்டிய மாடுகள் வராது என்பது தகப்பனின் பயம். தாய்க்கு வேறு பயம்: மகளை ஊர் ஏசும், அவள் வயதுப் பெண்கள் ஒதுக்குவார்கள். இந்தக் கணக்கு இருக்கும்வரை உடல்நலக் கேடு, ரத்தப்போக்கு, பிரசவச் சிக்கல் என்று எத்தனை வகுப்பெடுத்தாலும் தகப்பன் தலையாட்டிக் கேட்டுக்கொள்வான், டிசம்பர் விடுமுறையில் காரியத்தை முடித்துவிடுவான்.

மொரான் அணியின் பலம் இங்கேதான் இருக்கிறது. அவர்கள்தான் நாளைய மாப்பிள்ளைகள். ‘அறுக்காத பெண்ணையே கட்டுவோம்’ என்று ஒரு வயதுக்குழு, அதாவது ஒரே காலத்தில் மொரான் ஆனவர்கள், சேர்ந்து சொன்னால், தகப்பன் போடும் கணக்கின் அடித்தளமே ஆட்டம் காணும். தனியாள் சொன்னால் அது அவன் கிறுக்கு. வயதுக்குழு சொன்னால் வழக்கத்துக்குள்ளேயே அதற்கு ஓர் இடம் உண்டு, ஏனென்றால் மசாய் சமூகத்தில் ஆணின் கடமை, உரிமை, மானம் எல்லாம் வயதுக்குழுவோடு பிணைந்தவை. கிரிக்கெட் அணி என்பது தற்செயலாக அந்தக் குழுவின் ஒரு துண்டாக அமைந்துவிட்டது. பள்ளி மாணவிகளைக் கொண்டு மட்டும் இந்த வேலையை ஆரம்பித்திருந்தால் இத்தனை தூரம் வந்திருக்காது.

மூப்பர்களிடம் பேசும் வரிசையும் முக்கியம். மொரான்கள் நேராக மேடையேறி எதிர்த்துப் பேசினால் அது மரியாதைக்குறைவு, வாய் அங்கேயே அடைபடும். முதலில் தங்கள் வயதுக்குழுவுக்குள் பேச்சு. பிறகு அவர்களுக்கு வழிகாட்டிகளாக இருக்கும் மூத்த வயதுக்குழுவில் இணக்கமான இரண்டொருவரிடம் தனியாக. அதற்குப் பிறகுதான் மரத்தடிக் கூட்டம். அங்கே ஒரே அமர்வில் முடிவு கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். தன்னார்வலர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம், ஓரமாக. அவர்கள் வாய் திறந்தால் விஷயம் ‘வெள்ளைக்காரன் சொல்வது’ ஆகிவிடும். பிரிட்டிஷ் காலத்தில் நல்ல மேய்ச்சல் நிலத்தைப் பறிகொடுத்த லைக்கிப்பியாவில் அந்தப் பேச்சுக்கு உள்ள எடையை வெளியாள் குறைத்து மதிக்கக் கூடாது.

களம் போடுவது

நிலம் யாருடையது என்பதில் ஆரம்பிக்க வேண்டும். கூட்டுப் பண்ணைகள் இப்போது 2016ஆம் ஆண்டுச் சமுதாய நிலச் சட்டத்தின்கீழ் வருகின்றன. பள்ளி மைதானமென்றால் தலைமையாசிரியரும் பள்ளி நிர்வாகக் குழுவும் போதும். திறந்த மேய்ச்சல் நிலத்தில் என்றால் சமுதாய நிலக் குழுவின் எழுத்துச் சம்மதம் வேண்டும். வாய்ச் சம்மதத்தில் சிமென்ட் கொட்டிவிட்டு, வறட்சி வந்ததும் மாடு நடக்கும் பாதையை மறித்துவிட்டீர்கள் என்று சண்டை வந்தால் பதில் இருக்காது.

ஆடுகளத்துக்கு இரண்டு வழி. ஒன்று, சரளை மண்ணை இறுக்கி அதன்மேல் பாய் விரிப்பது. கற்களைப் பொறுக்கி, 10 சென்டிமீட்டர் கிராவல் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளை இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பிய பீப்பாயை உருட்டி இறுக்கலாம். தென்னைநார்ப் பாயோ செயற்கைப் புல் பாயோ விரித்து, விளிம்பில் அரை மீட்டருக்கு ஒன்றாக ஆறு அங்குல ஆணி அடித்து இழுத்துக் கட்ட வேண்டும். பாய் தளர்ந்தால் பந்து ஒன்று தவழும், ஒன்று முகத்துக்கு வரும். புதிதாகக் கற்பவர் அந்த இரண்டாவது பந்தோடு ஆட்டத்தை விட்டுவிடுவார். நார்ப் பாயில் ஆடும் கிரிக்கெட் நம் பக்கத்துப் பழைய ஆட்டக்காரர்களுக்கும் பழக்கமானதுதான். பாய் எவ்வளவு இழுப்பாக இருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் என்று அவர்களும் சொல்வார்கள்.

இரண்டாவது வழி கான்கிரீட். ஸ்டம்புக்கு ஸ்டம்பு 20.12 மீட்டர், இரு பக்கமும் கால் ஊன்ற இடம் விட்டு 28 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனம் என்று வைத்தால் 6.7 கனமீட்டர் கான்கிரீட். 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவைக்கு 50 கிலோ சிமென்ட் மூட்டை 43 வரை பிடிக்கும். மூன்று மீட்டருக்கு ஓர் இணைப்பு விட்டால் வெடிப்பு கண்டபடி ஓடாது. ஆனால் அந்த இணைப்புக்கோடு மட்டையாளருக்கு முன்னால் 2 முதல் 7 மீட்டருக்குள் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பலகைச் சட்டம் கட்ட வேண்டும். பந்து பெரும்பாலும் குத்தும் இடம் அதுதான். மேலே பாய் ஒட்டினாலும் கோட்டில் பட்ட பந்து தாறுமாறாகக் கிளம்பும்.

லைக்கிப்பியாவின் மண் ஒரே மாதிரி இல்லை. பீடபூமியின் பல இடங்களில் கரிசல். மழையில் ஊதும், வெயிலில் வாய் பிளக்கும். அதன்மேல் நேரடியாகக் கான்கிரீட் போட்டால் இரண்டு மழைக்காலம் தாங்காது. 30 முதல் 45 சென்டிமீட்டர் வெட்டியெடுத்துவிட்டு கிராவல் நிரப்பித்தான் தளம் போட முடியும். முக்கோகோடோவின் மணல் கலந்த செம்மண்ணில் இந்தத் தொல்லை குறைவு.

இனி தண்ணீர். கலவைக்கே ஆயிரம் லிட்டருக்கு மேல் வேண்டும். போட்ட தளத்தை ஏழு நாள் ஈரமாக வைக்க, சாக்கை நனைத்துப் போர்த்தி மேலே பிளாஸ்டிக் விரித்தாலும், இன்னும் இரண்டாயிரத்துக்கு மேல் ஆகும். இந்தப் பக்கம் தண்ணீர் அளக்கப்படுவது 20 லிட்டர் மஞ்சள் கேனில். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 170 கேன். அதைத் தூக்கப்போவது யார்? தண்ணீரும் விறகும் பெண்கள், சிறுமிகள் வேலை. ஆண்கள் ஆடும் களத்துக்காகச் சிறுமிகள் பள்ளியை விட்டுவிட்டுத் தண்ணீர் சுமந்தால், பெண் விடுதலை பேச வந்த திட்டம் முதல் வாரத்திலேயே தன் லட்சணத்தைக் காட்டிவிடும். திட்டச் செலவிலேயே டேங்கர் தண்ணீருக்கு ஒரு வரி எழுதிவிட வேண்டும். மார்ச் முதல் மே வரை பெருமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறுமழை. மழை ஓய்ந்து, குட்டைகள் வற்றாத ஜூன் மாதம் தளம் போட ஏற்ற காலம்.

கான்கிரீட்டில் ஸ்டம்பு ஊன்ற முடியாது என்பதைப் பலர் பெட்டி பிரித்த பிறகுதான் யோசிக்கிறார்கள். மூன்று துளை போட்ட கனமான மரக்கட்டை நன்யூக்கித் தச்சரிடமே கிடைக்கும். ஸ்பிரிங் ஸ்டம்பு உடைந்தால் உதிரிக்கு நைரோபி போக வேண்டும்.

பந்து, முள், ஈட்டிக் கை

தோல் பந்து இந்தக் கல் தரையில் சில ஓவர்களில் தையல் பிரிந்துவிடும். டென்னிஸ் பந்துக்கு எமன் முள். அகேசியா முள் ஒருபுறம், இன்னொருபுறம் சப்பாத்திக்கள்ளி. காலனிக் காலத்தில் வந்த இந்த அமெரிக்கக் கள்ளி டோல்டோல் சுற்றுவட்டாரத்தில் மேய்ச்சல் நிலத்தையே விழுங்கிக்கொண்டிருக்கிறது. பழத்தைத் தின்னும் ஆடுகளின் வாயிலும் குடலிலும் நுண்முள் ஏறி அவை சாகின்றன. எல்லைக்கோட்டைத் தாண்டிப் புதருக்குள் போன பந்தைக் கையால் எடுக்கப் போன பையனுக்கு அன்றைய பயிற்சி முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம், அந்த நுண்முள்ளைப் பிடுங்கவே சாயங்காலம் ஆகிவிடும். ஆகவே காற்றடைக்காத திட ரப்பர் பந்து அல்லது துளைபோட்ட பிளாஸ்டிக் பந்து, நீல நிறத்திலோ மஞ்சளிலோ. சிவப்புப் பந்து செம்மண்ணில் கண்ணுக்குப் படாது. களத்தைச் சுற்றி 60 மீட்டருக்குக் கள்ளியை வேரோடு எடுத்து எரிப்பதும் களப் பணியின் ஒரு பகுதிதான். வெட்டிப் போட்டுவிட்டு வந்தால் ஒவ்வொரு துண்டும் வேர்விட்டுப் புதுச் செடியாகும்.

மசாய் இளைஞனுக்குப் பந்து எறியச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஈட்டியும் ருங்கு என்னும் எறிதடியும் வீசிப் பழகிய கை. எல்லையிலிருந்து நேராக விக்கெட் கீப்பர் கையுறைக்குப் போய்ச் சேரும். சிக்கலும் அதே கைதான். பந்துவீச்சில் முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது என்பது சர்வதேச விதி. ஈட்டி எறியும் பழக்கம் முழங்கையை மடக்கி விசிறவைக்கும். ஓட்டத்தோடு திருத்தப் பார்த்தால் நடக்காது. முதலில் பக்கவாட்டில் நின்ற இடத்திலேயே, வீசும் கையை நீட்டி, மேல்கை காதை உரசும்படி சுழற்றி, மணிக்கட்டு உச்சியில் வரும்போது பந்தை விடச் செய்ய வேண்டும். அடுத்து இரண்டு எட்டு நடந்து. பிறகு ஐந்தெட்டு மெதுவோட்டம். ஓட்டத்தைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் முழங்கை பழைய பழக்கத்துக்கே திரும்பும், உடனே ஒரு படி பின்வாங்க வேண்டும். கையில் அடுக்கு வளையல் போட்டிருப்பவர்களுக்கு முழங்கை மடங்குவதைக் கண்ணால் பிடிப்பது கடினம், பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் இது சரியாகாது. உள்ளூர்ப் பயிற்சியாளர் ஒருவருக்கு இந்தப் படிகள் கைவந்துவிட்டால் மூன்று மாதத்தில் ஆகும்.

பள்ளியில் ஒரு மணி நேரம்

நாற்பது பிள்ளைகள், ஒரு மணி நேரம், ஒரு கிட்பை. பையில் பிளாஸ்டிக் மட்டை 6, ஸ்டம்பு இரண்டு ஜோடி, பந்து 24, கூம்பு 16. முதல் எட்டு நிமிடம் பாட்டோடு உடம்பைச் சூடாக்குவது. பத்து நிமிடம் செய்துகாட்டுவது. பிறகு நான்கு மூலைகளில் பத்துப் பத்துப் பேராக எறிதல், பிடித்தல், வீசுதல், அடித்தல். மூலைக்கு எட்டு நிமிடம். கடைசிப் பத்து நிமிடம் நிழலில் உட்கார்ந்து பேச்சு. அடிக்கும் மூலையில் மட்டும் காத்திருக்கும் பிள்ளைகளைக் கூம்புக்கு ஐந்து மீட்டர் பின்னால் நிறுத்தாவிட்டால் மட்டை யார் பல்லையாவது பதம்பார்க்கும்.

செய்தியை ஆட்டத்துக்குள் வைப்பதில் இந்தப் பயிற்சிமுறைக்கு ஒரு நேர்த்தி உண்டு. ஸ்டம்புதான் உன் உடம்பு, வரும் பந்து ஆபத்து, மட்டை உன் பாதுகாப்பு. ஆடி முடித்ததும் ‘ஸ்டம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எப்படிக் காப்பாய்?’ என்று கேட்டால், எச்.ஐ.வி. பரிசோதனை பற்றிய பேச்சு தானாகத் தொடங்கும். ஓர் அமர்வுக்கு ஒரு செய்தி, அவ்வளவுதான். எச்.ஐ.வி., சிதைப்பு, பால்ய மணம், கைகழுவுதல் என்று நான்கையும் நான்கு மூலைகளில் வைத்தால், பிள்ளைகளுக்கு ஞாபகமிருப்பது யார் தூரமாக அடித்தார் என்பதுதான்.

போட்டிக்கு ஜோடி ஆட்டம் வைப்பதே சரி. அணிக்கு எட்டுப் பேர், நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் அவுட்டானாலும் இரண்டு ஓவர் முழுவதும் ஆடும். 200 ரன்னில் கணக்கு தொடங்கும், விக்கெட்டுக்கு 5 ரன் கழியும். எட்டு ஓவரை எட்டுப் பேரும் ஆளுக்கொன்றாக வீசுவார்கள். வழக்கமான ஆட்டத்தில் இரண்டு பெரிய பையன்கள் மட்டையையும் பந்தையும் பிடித்துக்கொள்வார்கள், பெண்பிள்ளைகள் முள்ளுக்குள் பந்து பொறுக்குவார்கள். விதியை மாற்றினால் போதும், உபதேசம் வேண்டாம்.

கூத்தும் பாட்டும்

தொண்டு அமைப்புகள் கலை நிகழ்ச்சியை ஒப்புக்குச் சேர்த்துக்கொள்வதுதான் அதிகம். இங்கே நிலைமை தலைகீழ். மொரான்களுக்குப் பாட்டு வெளியிலிருந்து வந்ததல்ல. ஒலரான்யானி என்னும் முன்பாடகர் ஒரு வரி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் தொண்டையின் ஆழத்திலிருந்து எழும் உறுமலோடு ஏற்றுப் பாட, அந்த ஓசைக்கு ஒவ்வொருவராக வளையத்துக்குள் வந்து குதிகால் தரையில் படாமல் எம்பிக் குதிப்பார்கள். களத்துக்குள் வருவதே இப்படித்தான். ஆட்டத்தைப் பார்க்க வராத பாட்டிகளும் இதைப் பார்க்க வருவார்கள். கூட்டம் கூடுவதில் பாதி வேலை பாட்டுடையது.

புதுச் செய்திக்குப் புது மெட்டு தேடக் கூடாது. அந்த வயதுக்குழுவுக்குச் சொந்தமான மெட்டையே எடுத்து, முன்பாடகரின் இரண்டு வரியை மட்டும் மாற்ற வேண்டும். பின்பாட்டு அப்படியே இருக்கட்டும். பெண்கள் பாட்டின் மெட்டை மொரான்கள் எடுத்தாலோ சடங்குக்கே உரிய பாட்டில் கைவைத்தாலோ ஊர் சிரிக்கும், இல்லை கோபிக்கும். வரி எழுத வேண்டியது முன்பாடகர். தன்னார்வலர் எழுதிக்கொடுத்த வாசகத்தைப் பாட்டாக்கினால் அது சுவரொட்டிபோல் ஒலிக்கும். மேடையேறும் முன் இணக்கமான மூப்பர் ஒருவரிடம் பாடிக்காட்டிவிடுவது நல்லது.

நாடகத்துக்கு ‘மேக்னெட் தியேட்டர்’ என்றொரு முறை கென்யாவிலேயே உருவாகியிருக்கிறது, பாத் என்னும் உடல்நல அமைப்பின் திட்டங்கள் வழியாக. ஒரே இடம், ஒரே கிழமை, ஒரே நேரம், திரும்பத் திரும்ப. கதை ஓர் இக்கட்டில் நிற்கும்: தாய் கத்திக்காரியிடம் நாள் குறித்துவிட்டாள், அண்ணன் மொரான் இன்று மாலை வீடு திரும்புகிறான், அவன் என்ன செய்வான்? ஆட்டத்தை நடத்துபவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார். யாராவது எழுந்து வந்து அண்ணனாக நடிக்க வேண்டும். அவர் சொன்னது நடக்குமா என்று மற்றவர்கள் தாயாகவும் மூப்பராகவும் நின்று சோதிப்பார்கள். அடுத்த வாரம் கதை அங்கிருந்து தொடரும். கென்ய கிராமம் நாடகத்தை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ளும் என்பதற்கு 1977இன் கமிரீத்துவே சாட்சி. லிமுருவில் ஊர்க்காரர்களைக் கொண்டு எழுத்தாளர் கூகி வா தியாங்கோ நாடகம் போட்டதற்கு அரசு அவரைச் சிறையில் தள்ளியது.

இதில் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். வாராவாரம் நடத்த ஆளும் நேரமும் இல்லாமல், தன்னார்வலர் வரும்போது மட்டும் ஒருமுறை போடுவார்கள். அப்போது கதையை முடித்தும் காட்டுவார்கள், நல்லவன் வென்றுவிடுவான். கைதட்டிக் கலையும் கூட்டம் எதையும் தன் வாயால் சொல்லியிருக்காது.

பாசிமணி வேலை வேறு கணக்கு. அது பெண்களின் வருமானம். அணியின் பெயரில் விற்றால், உருப்படி ஒன்றுக்கு இவ்வளவு என்று செய்த பெண்ணுக்கே முன்பணம் தர வேண்டும். விற்றபின் தருகிறோம் என்றால் அடுத்த முறை பழைய சரக்குதான் வரும்.

சட்டமும் ரகசியமும்

2011ஆம் ஆண்டுச் சட்டப்படி கென்யாவில் பெண்ணுறுப்புச் சிதைப்பு குற்றம். குறைந்தது மூன்றாண்டுச் சிறை, அல்லது இரண்டு லட்சம் ஷில்லிங்குக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தால் பயம் வந்தது. பயத்தால் சடங்கு இல்லாமல் இரவில், இன்னும் சின்ன வயதில், சில இடங்களில் செவிலியர் கையால் என்று வழக்கம் வேஷம் மாறியதும் உண்டு. விருந்து இல்லாததால் அக்கம்பக்கத்துக்கே தெரியாது.

ஆகவே பயிற்சியாளரிடம் ஒரு சிறுமி ‘இந்த விடுமுறையில் எனக்கு’ என்று சொல்லும் நாள் கட்டாயம் வரும். அன்று என்ன செய்வது என்பதை அன்று யோசிக்கக் கூடாது. கேட்டுக்கொள்ள வேண்டும், ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அன்றே பள்ளியின் பொறுப்பாசிரியைக்கும் குழந்தைகள் நல அலுவலருக்கும் தகவல் போக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 116, பாலின வன்முறைக்கு 1195. தகவல் சொன்னது யார் என்பது ஊரில் கசிந்தால் முதலில் அடி வாங்குவது அந்தப் பெண்தான். அதனால் மைதானத்தில், கூட்டத்தின் நடுவில், ‘உங்களில் யாருக்கு ஆபத்து?’ என்று கைதூக்கச் சொல்வது பெரும் பிழை. நல்லெண்ணத்தோடு வரும் புதியவர்கள் செய்கிற பிழை இது. மைதானத்தில் படம் எடுப்பதும் அப்படித்தான். எதிர்ப்பு நிகழ்ச்சியில் எடுத்த சிறுமியின் முகம் இணையத்தில் போனால், அவள் ‘அறுக்காதவள்’ என்று ஊருக்கு அறிவித்ததாகிவிடும்.

காலண்டரையும் பார்க்க வேண்டும். கென்யப் பள்ளிக்கு மூன்று பருவம். ஏப்ரல், ஆகஸ்ட் விடுமுறைகளும் ஆண்டிறுதியின் நீண்ட விடுமுறையும்தான் அறுக்கும் காலம். தன்னார்வலர்கள் வருவது அவர்களுக்கு விடுப்பும் விலைகுறைந்த விமானச்சீட்டும் கிடைக்கும் காலத்தில். இரண்டும் பொருந்துவதில்லை. திட்டத்தின் கனமான வேலை அக்டோபரில், பள்ளி மூடுவதற்கு முன் நடக்க வேண்டும். விடுமுறை முழுவதும் ஏதாவதொரு பள்ளி மைதானம் திறந்திருந்து, வாரம் இரண்டு நாள் பெண்களுக்கு ஆட்டம் நடந்தால், வராமல்போன பிள்ளை யார் என்று கண்ணில் படும்.

பெண்கள் ஆடும் நேரம்

மொரான் அணியின் வெற்றியே இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டையும்கூட. மேடையில், படத்தில், பயணத்தில் எல்லாம் ஆண்கள். பெண்களுக்காகப் பேசும் ஆண்கள்தான், சரி. ஆனால் பெண் எங்கே? கென்யக் கடற்கரையின் கிலிஃபியில் 2001இல் தொடங்கிய ‘மூவிங் தி கோல்போஸ்ட்ஸ்’ என்னும் பெண்கள் கால்பந்து அமைப்பு இதற்கு விடை வைத்திருக்கிறது. அங்கே பயிற்சியாளர், நடுவர், ஆட்டக் குழு நிர்வாகி எல்லாரும் ஆடிய பெண்களிலிருந்தே வருகிறார்கள். நைரோபியின் மத்தாரேயில் 1987இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கமும் கவனிக்கத் தக்கது. ஊரைச் சுத்தம் செய்த அணிக்கு லீக் பட்டியலில் 6 புள்ளி கொடுத்தார்கள்; சமூக வேலையும் போட்டியின் கணக்கிலேயே ஏறியது. லைக்கிப்பியாவில், பெண்கள் அணி ஒன்றை நடத்தும் ஆண்கள் அணிக்கே லீக்கில் இடம் என்று வைத்துப் பார்க்கலாம்.

நேரம் நான்கு மணிக்குப் பிறகு என்று வைத்தால் தண்ணீர், விறகு, ஆட்டுக்குட்டி என்று பெண்பிள்ளைகள் போய்விடுவார்கள். பள்ளி நேரத்துக்குள்ளேயே, கால அட்டவணையில் எழுதப்பட்ட விளையாட்டுப் பாடவேளையில்தான் அவர்கள் முழுமையாகக் கிடைப்பார்கள். நாப்கினும் மறைவிடமும் இல்லையென்றால் மாதத்தில் சில நாள் அதுவும் போகும். இந்த இரண்டு செலவும் மட்டைச் செலவுக்கு முன்னால் வர வேண்டும்.

வறட்சியும் பணமும்

மழை பொய்த்தால் மொரான் மாட்டோடு போய்விடுவான். அவன் கடமை அது. 2009இலும் 2017இலும், அடுத்தடுத்துப் பருவம் தவறிய 2020–2022இலும் வட கென்யா கண்ட வறட்சிகளைப் போல் ஒன்று வந்தால் அணி என்பதே இல்லாமல்போகும். பயிற்சியாளராக மொரான்களை மட்டும் வைத்திருக்கும் பள்ளிகளில் ஆட்டம் அதோடு நிற்கும். ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர் ஒருவர், மொரான் ஒருவர் என இரட்டையாக வைப்பதுதான் மாற்று. ஆசிரியருக்கும் இடமாற்றம் வரும். அப்படியானால் இரண்டு ஆசிரியர்கள், ஒருவர் பெண்.

தன்னார்வலர் ஒருவரின் விமானச்சீட்டுப் பணத்தில் உள்ளூர்ப் பயிற்சியாளருக்குப் பல மாத ஊதியம் கொடுக்கலாம் என்ற வாதம் பழையது, பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் அந்தப் பணம் விமானச்சீட்டுக்காகத்தான் திரட்டப்பட்டது, ஊதியத்துக்கென்று கேட்டால் வந்திருக்காது. ஆகவே பயணத்தை நிறுத்துவதைவிட அதன் வேலையை மாற்றுவது நடைமுறைக்கு ஏற்றது. பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவதை உள்ளூர்ப் பயிற்சியாளர் நடத்த, வந்தவர் அருகில் நின்று அவரைத் திருத்த வேண்டும். முதல் மூன்று நாள் வந்தவர் முன்னால், அடுத்த நான்கு நாள் இருவரும் சேர்ந்து, மீதி நாட்களில் வந்தவர் கோட்டுக்கு வெளியே. திரட்டும் தொகையில் ஒரு பங்கு ஊர்ப் பயிற்சியாளரின் மாதப்படிக்கு என்று முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும். சம்பளமில்லாத உள்ளூர்த் தன்னார்வலர் என்று ஒருவரை வருடக்கணக்கில் நம்பியிருப்பது அவருடைய வறுமையில் திட்டம் நடத்துவதாகும்.

எதை எண்ணுவது

‘இத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குப் பயிற்சி’ என்ற எண் நிதி கேட்க உதவும், வேறெதற்கும் உதவாது. ஒரே பிள்ளை மூன்று முறை எண்ணப்பட்டிருக்கும். கடைசித் தன்னார்வலர் போய் ஆறு மாதம் கழித்து எத்தனை பள்ளிகளில் வாரம் ஒருமுறையாவது ஆட்டம் நடக்கிறது, பையில் எத்தனை பந்து மிச்சம், பெண் பயிற்சியாளர் எத்தனை பேர் என்று பார்ப்பது மேல். பந்தே குறையாத பை பூட்டியே கிடந்திருக்கிறது என்று பொருள்.

சிறுமிகளிடம் ‘உனக்குச் செய்துவிட்டார்களா?’ என்று கேட்பது கூடாது. முறையும் அல்ல, சட்டத்துக்குப் பயந்து வரும் பதிலை நம்பவும் முடியாது. சடங்கு, கல்யாணம், படிப்பு நிற்பது என்று இந்த மூன்றும் தொடர்ந்து வருவதால், அக்டோபரில் வருகைப்பதிவில் இருந்த மேல்வகுப்புப் பெண்களில் எத்தனை பேர் ஜனவரியில் திரும்பினார்கள் என்று பள்ளியின் பதிவேட்டிலேயே பார்க்கலாம்.

கென்ய மக்கள்தொகை, உடல்நலக் கணக்கெடுப்பில், சிதைப்புக்கு உள்ளான 15–49 வயதுப் பெண்கள் 2014இல் 21 சதவீதம், 2022இல் 15 சதவீதம். மசாய்களிடையே 2014இல் அது 78 சதவீதம். இந்த இறக்கத்தைக் கிரிக்கெட்டின் கணக்கில் எழுத முடியாது. சட்டம், பெண்கல்வி, திருச்சபைகள், கத்தியில்லாத மாற்றுச் சடங்கை ஊர்ஊராக நடத்திய ஆம்ரெஃப் போன்ற அமைப்புகள், வழக்கத்தை எதிர்த்து நின்ற மசாய்ப் பெண்கள் என்று காரணங்கள் பல. கிரிக்கெட் அணி தன் பங்காகக் காட்டக்கூடியது ஒன்று உண்டு. அணியில் ஆடியவர்கள் யாரை, எந்த வயதில் கட்டினார்கள், பெண் படிப்பை முடித்தாளா என்பதை, அந்தத் தம்பதிகளின் சம்மதத்தோடும் பெயர் வெளியிடாமலும், ஆண்டுக்கொரு முறை அணியே குறித்துவைக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதை வைத்திருக்கும் பொறுப்பு அணித் தலைவரிடம் இல்லாமல், பெண்கள் அணியின் பயிற்சியாளரிடம் இருக்கட்டும்.